படிகத் தாளமும் கேலிப் பாட்டும்

ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றினால், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோக உருளை கண்ணில் படும். அதற்குள் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவையின் குட்டி வடிவம் ஒன்று அடைபட்டிருக்கிறது. இரும்பில் செய்ததல்ல, குவார்ட்ஸ் படிகத்தில் செதுக்கியது. மின்கலத்திலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான் கேட்கும் என்பதால், மணிக்கட்டிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும் இந்தச் சுருதியை நாம் கேட்பதில்லை.

ஏன் குறிப்பாக 32,768? பதினைந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. எதிர்த்திசையில் போனால் இன்னும் அழகு. 32,768-ஐப் பாதியாக்கு, அந்தப் பாதியைப் பாதியாக்கு என்று பதினைந்து தடவை செய்தால் மிஞ்சுவது ஒன்று. விநாடிக்கு ஒரு துடிப்பு, முள் ஒரு படி நகர்கிறது. மின்னணுச் சுற்றுகளுக்கு மிக எளிதாகக் கைவரும் கணக்கு பாதியாக்குவதுதான். சரி, படிகம் ஏன் அதிர்கிறது? சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியேர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்ற மறுபக்கம் அடுத்த ஆண்டே உறுதியானது. அந்த இரண்டின் மேல்தான் இந்தக் கடிகாரம் நிற்கிறது. சாதாரணமான ஒன்று மாதத்துக்குச் சுமார் 15 விநாடி பிசகும்.

ஓசூரில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரங்கள் பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை இந்தப் பக்கம் ஓசூரில் அமைந்தது. விநாடிக்கு 5 முறை தட்டும் சக்கரத்துக்குப் பதில் 32,768 முறை அதிரும் படிகம். விளம்பரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது மோட்சார்ட் 1773-ல், 17 வயதில் எழுதிய 25-வது சிம்பொனி. உள்ளே துடிப்பது இயந்திரம், வெளியே பாடுவது மனிதன். அந்தச் சேர்க்கையைத் தேர்ந்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

இதே படிகக் கணக்கு இசைக்குள்ளும் போனது. போன வழியில் ஒரு கடிகார மெக்கானிக் நிற்கிறார்.

ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி 1930-ல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். போர் முடிந்தபின் கியூஷு தீவில், பதினாறு வயதில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை போட்டார். அங்கிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து மின்னணு ஆர்கன், பிறகு 1972-ல் ரோலண்ட் என்ற நிறுவனம். 1980-ல் ரோலண்ட் வெளியிட்ட டி.ஆர்-808 தாள இயந்திரம் சுமார் 12,000 மட்டுமே விற்று, மூன்றே ஆண்டில் உற்பத்தி நின்றது. தோல்வி என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். உலகத்தின் நடனத் தாளமே அந்தப் பெட்டியிலிருந்து பிறக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் சலசலக்கும் ஓசைக்குக் காரணம், தரச் சோதனையில் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பொருத்தியது. இதைக் கேட்டால் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள்.

1983 ஜனவரியில் ககேஹாஷியும் அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்தும் இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. இந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். அதில் செய்தி ஓடும் வேகம் விநாடிக்கு 31,250 துணுக்குகள். இந்த விசித்திர எண்ணும் பாதியாக்கும் கணக்கில் வந்ததுதான். பத்து லட்சம் அதிர்வை ஐந்து முறை பாதியாக்கினால் 31,250. கடிகாரத்தில் பதினைந்து பாதி, இசையில் ஐந்து பாதி. ஓசூர், மத்திகிரி பக்கத்துச் சின்னச் சபைகளில் ஞாயிறு காலை ஒற்றை ஆளாக ஆராதனையை நடத்திக் கொடுக்கிற கீபோர்டு இளைஞர் விரலால் ‘ஸ்டைல்’ பொத்தானை அழுத்தும்போது நடப்பது இதே கணக்கு. பாட்டு தமிழில் இருந்தாலும் தெலுங்கில் இருந்தாலும் கன்னடத்தில் இருந்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான்.

இனி அந்த 1983-க்கு வருகிறேன். மிடி பிறந்த அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆறே பாட்டுள்ள ஒரு சிறு இசைத்தட்டு வெளியானது. பெயர் ‘ஐ வாண்ட் டு பி எ க்ளோன்’, அதாவது நானும் ஒரு நகலாக வேண்டும். பாடியவர் ஸ்டீவ் டெய்லர், 1957-ல் பிறந்தவர், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். எல்லோரும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஆகிவிட்டால்தான் நல்ல விசுவாசி என்று எண்ணும் சபை மனப்பான்மையை அந்தத் தலைப்புப் பாட்டு கேலி செய்கிறது. கேலி செய்யும் விதம்தான் கவனிக்கத்தக்கது. அவர் வெளியே நின்று திட்டவில்லை. நகலாக மாற ஆசைப்படும் ஒருவனாகவே வேடம் கட்டிப் பாடுகிறார். இசையும் விறைப்பானது, வெட்டு வெட்டென்று போவது, அக்காலத்து நியூ வேவ் பாணி. கிறிஸ்தவ இசைக் கடைகள் அதுவரை பெரும்பாலும் மென்மையான துதிப்பாடல்களை விற்றுவந்தன. அந்த அலமாரியில் இது போய் உட்கார்ந்தது.

விறைப்பான தாளம் ஏன் கேலிக்குப் பொருந்துகிறது? பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்ரி பெர்க்சன் சிரிப்பைப் பற்றி 1900-ல் ஒரு சிறு நூல் எழுதினார். உயிருள்ள ஒன்று இயந்திரம் போல நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவர் கருத்து. வாழைப்பழத் தோலில் வழுக்குகிறவன் சிரிப்பூட்டுவது, வழியைப் பார்த்து வளைந்துகொடுக்காமல் உடல் தன் போக்கில் நடந்துகொண்டே போனதால். அப்படியானால் ஒரு மனிதன் இயந்திரத் தாளத்தில் இயந்திரமாகப் பாடினால், பாட்டின் வரிக்கு முன்பே தாளம் கேலியைத் தொடங்கிவிடுகிறது. பெர்க்சன் சொன்னது எல்லாச் சிரிப்புக்கும் பொருந்தாது, ஆனால் இந்த வகைப் பாட்டுக்கு அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

டெய்லருக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க குழு டிவோ. அவர்கள் ஊர் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன் போன்ற டயர்க் கம்பெனிகளின் நகரம். ஒரே நிறத்துச் சீருடை, வெடுக்வெடுக்கென்ற அசைவு, ஷிப்டு முறையில் ஓடுவது போன்ற தாளம் என்று அவர்கள் மேடையேறினார்கள். 1978-ல் முதல் ஆல்பம். அதே ஆண்டில் ஜெர்மனியின் தொழிற்பட்டை நகரமான டுசல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க் குழு மனித இயந்திரம் என்ற பொருளில் தன் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது. தொழிற்சாலை ஊர்கள்தான் இந்த இசையைக் கண்டுபிடித்தன என்பதில் எனக்கு வியப்பில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரே நிறச் சட்டையில் வரிசை கட்டி நிற்கும் ஓசூர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டுகளின் மொழி புரியாமல் போகலாம், தாளம் உடனே புரியும்.

இயந்திரத் தாளத்துக்கும் மனிதத் தாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க முடியும். மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னால், சாதாரண மனிதர்களின் விரல் ஒலிக்குச் சில பத்து மில்லி விநாடி முன்னதாகவே விழுகிறது. தட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை, சரியாகத்தான் தட்டுகிறோம் என்பார். அதாவது நாம் ஒலியைக் கேட்டுவிட்டுத் தட்டவில்லை, அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டிக் கணித்துத் தட்டுகிறோம். இந்தக் கணிப்பு கற்றுக்கொண்டு வருவதும் அல்ல. ஹங்கேரியில் இஷ்த்வான் விங்க்லர் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குத் தாளம் கேட்க வைத்தார்கள். தாளத்தின் முதல் தட்டை மட்டும் விட்டுவிட்டபோது குழந்தைகளின் மூளை மின்னலைகளில் ஏமாற்றத்தின் அடையாளம் பதிவானது.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடைய நண்பர்களும் 2011-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். தாள வாத்தியக்காரரின் பிசகுகள் தாறுமாறானவை அல்ல. இப்போது சற்று முந்தினால் அதன் நிழல் வெகுநேரம் கழித்தும் தாளத்தில் தெரியும். ஒரு பிசகு அடுத்த பிசகை நினைவில் வைத்திருக்கிறது. கணினியில் இத்தகைய தொடர்புள்ள பிசகைச் சேர்த்த இசையையும் தாறுமாறான பிசகைச் சேர்த்த இசையையும் கேட்கக் கொடுத்தபோது, கேட்டவர்கள் முன்னதையே விரும்பினார்கள். பக்திப் பாட்டின் உருக்கத்துக்கு அந்த மனிதப் பிசகு வேண்டும். கேலிப் பாட்டுக்கு அது இல்லாமல் இருப்பதே பலம். காதுக்கு ஒரு எச்சரிக்கை போகிறது: இந்த ஆள் நேராகப் பேசவில்லை.

நம் பக்கத்தில் இந்த எச்சரிக்கையை உடலால் தரும் ஒருவர் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களில் இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்றாலே, உடையும் நடையும் கூட்டத்துக்குச் சேதி சொல்லிவிடும். அவன் ராஜாவையும் சொல்வான், ஊர்ப் பெரியவரையும் சொல்வான், யாரும் கோபிப்பதில்லை. ஒலிநாடாவில் வரும் பாடகனுக்கு அந்த வசதி கிடையாது. முகம் தெரியாது, கண்சிமிட்டல் தெரியாது. தாளமும் குரலும்தான் கட்டியங்காரன் வேஷம். அதைக் கவனிக்காதவனுக்கு மிஞ்சுவது வார்த்தை மட்டும்.

டெய்லருக்கு அதுவே நடந்தது. 1987-ல் வெளியான ‘ஐ பிரெடிக்ட் 1990’ ஆல்பத்தில் ஒரு பாட்டு, கருக்கலைப்பு மருத்துவமனைக்குக் குண்டு வைத்த ஒருவன் பேசுவதாக அமைந்தது. அவன் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிறவன். குழந்தைகள் குறைந்துபோனால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவன் கவலை. டெய்லர் கருக்கலைப்பை எதிர்ப்பவர்தான், ஆனால் அதற்காகக் குண்டு வைப்பவர்களின் தர்க்கத்தைத் தோலுரிக்கவே அதை எழுதினார். பலர் அதை அப்படியே நேராக எடுத்துக்கொண்டார்கள், வன்முறைக்கு வக்காலத்து என்று குற்றம் சாட்டினார்கள். சில கிறிஸ்தவக் கடைகள் தட்டை விற்க மறுத்தன.

கேட்டவர்கள் மந்தபுத்திக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. மூளை இங்கே செய்யும் வேலை கடினமானது. சொல்லின் நேர்ப்பொருளை எடுக்கவேண்டும், பேசுகிறவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கவேண்டும், இரண்டும் மோதுவதைக் கண்டு முதலாவதைத் தள்ளவேண்டும். இஸ்ரேலின் சிமோன் ஷமாய்-சூரி குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில், முக்கியமாக வலப்பக்கம் அடிபட்டவர்களால் சொல்லின் நேர்ப்பொருளை அறிய முடிந்தது, கிண்டலைத்தான் பிடிக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் ஐந்தாறு வயது வரை இது தட்டுப்படாது. ‘ரொம்ப நல்லா சாப்பிட்ட போ’ என்று மிச்சம் வைத்த தட்டைப் பார்த்துச் சொன்னால், மூன்று வயதுக் குழந்தை பெருமையாகச் சிரிக்கும்.

மூளை நன்றாக இருந்தாலும் மனம் குறுக்கே வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971-ல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரின் நாயகன் ஆர்ச்சி பங்கர் வாய் திறந்தால் இனவெறி. எழுதியவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் 1974-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. இனத் தப்பெண்ணம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சி சரியாகத்தான் பேசுகிறான் என்று அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். ஹெதர் லமாரும் மற்றவர்களும் 2009-ல் ஸ்டீபன் கோல்பேர் என்ற நையாண்டிக்காரரின் நிகழ்ச்சியை வைத்துச் சோதித்தபோதும் இதே நிலை. வலதுசாரி வேடத்தில் அவர் செய்த கேலியை எல்லோரும் வேடிக்கை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வலதுசாரிப் பார்வையாளர்களில் கணிசமானோர், அவர் விளையாட்டாகப் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு உண்மையான கருத்தைத்தான் சொல்கிறார் என்று நம்பினார்கள். ஒரே கேலி, இரண்டு தரப்புக்கும் தத்தம் கட்சி ஜெயித்த திருப்தி.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்தக் கலையின் மூத்த கை தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் தஞ்சையில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்டு, 1864 வரை வாழ்ந்தவர். அன்றைய தஞ்சையில் மேடையை ஆண்ட வடிவம் குறவஞ்சி. அதை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்தார், அதற்குள் புவியியலையும் வானியலையும்கூடப் புகுத்தினார். நொண்டி நாடகத்தை எடுத்து ‘ஞான நொண்டி நாடகம்’ செய்தார். டெய்லர் நியூ வேவை எடுத்தது போலத்தான், தன் காலத்தில் புழக்கத்தில் இருந்த தாளத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். மூடநம்பிக்கைகளைக் கேலி செய்ய அவர் தேர்ந்தது கும்மி. அந்த நூலின் பெயர் ‘சாஸ்திரக் கும்மி’.

கும்மியைத் தேர்ந்ததில் ஒரு கைவித்தை இருக்கிறது. கும்மியில் பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரே, எல்லோரும் வட்டத்துக்குள். கை தட்டத் தொடங்கியவர் கேலியில் பங்காளி ஆகிவிடுகிறார். பல கைகள் எப்படி ஒன்றாக விழுகின்றன என்பதை சோல்தான் நேடாவும் கூட்டாளிகளும் 2000-ல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். ருமேனியா, ஹங்கேரி அரங்குகளில் நாடகம் முடிந்து எழுந்த கரவொலியைப் பதிவுசெய்தார்கள். முதலில் எல்லோரும் வேகமாக, ஒழுங்கின்றித் தட்டுகிறார்கள். திடீரென்று ஒவ்வொருவரும் தன் வேகத்தைச் சுமார் பாதியாகக் குறைத்துக்கொள்ள, அரங்கமே ஒரே கையாக ஒலிக்கிறது. வேகமாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வேகம் வெகுவாக மாறுபடும், நிதானமாகத் தட்டும்போது அந்த வித்தியாசம் சுருங்கும், சுருங்கினால் ஒத்திசைவு பிறக்கும். மறுபடியும் பாதியாக்கும் கணக்கு! யாரும் சொல்லிக்கொடுக்காமல், படிகம் எதுவும் இல்லாமல், கூட்டம் தானே அதைக் கண்டுபிடிக்கிறது.

சாஸ்திரியாரை முழுதாகக் கொண்டாடவும் முடியாது. 1820-களில் புதிய மிஷனரிகளோடு அவருக்கு மூண்ட சண்டையில் அவர் எதிர்த்தவை: வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துவது, தமிழ்ப் பாட்டுகளை ஆராதனையிலிருந்து விலக்குவது, விழாவுக்குப் பூ வேண்டாம் என்பது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைப்பது. பாட்டுக்கும் பூவுக்கும் அவர் போராடியதை இன்று மகிழ்ச்சியோடு படிக்கிறோம். நான்காவதில் அவர் தவறான பக்கம் நின்றார். அடுத்தவர் மூடநம்பிக்கையைக் கண்ட கண்ணுக்குத் தன் இருக்கை தெரியவில்லை.

டெய்லர் அந்த இடத்தில் தன் வீட்டாரையே குறிவைத்தார். தெற்குக் கரோலினாவில் உள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவ நிறுவனம், வெள்ளை மாணவரும் கறுப்பின மாணவரும் காதலிப்பதைத் தடைசெய்து வைத்திருந்தது. அதற்காக வரிச்சலுகையையே இழந்தது, 1983-ல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது, அப்போதும் விதியை மாற்றவில்லை. 1984-ல் வந்த ‘மெல்ட்டவுன்’ ஆல்பத்தில் டெய்லர் அந்த விதியை ஒரு பாட்டில் வறுத்தெடுத்தார். பாட்டைக் கேட்டு அங்கே யாரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. 2000-ல் ஜார்ஜ் புஷ் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்காக அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. அந்த மார்ச் மாதமே பல்கலைக்கழகத் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, தடையை நீக்கிவிட்டதாக அறிவித்தார்.